கிரிப்டான் வெடித்தது, தோட்டம் விற்கப்பட்டது

சூப்பர்மேன் கதை படித்து அழுதேன் என்று போன வருஷம் ஓர் இலக்கியச் சந்திப்பில் சொன்னேன். சிரித்தார்கள். "ஜட்டிய வெளிய போட்டவனுக்காகவா தம்பி அழுத?" என்றார் ஒரு மூத்த எழுத்தாளர். தோட்ட வாழ்க்கையைப் பற்றி நிறைய எழுதியவர். வயதில் பெரியவர் என்பதால் நானும் சிரித்து வைத்தேன். அன்று வாய்க்குள் நின்றுபோனதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஐயா, தோட்டத்தை இழந்ததைப் பற்றி உங்கள் கதைகள் சொல்லாத ஒன்றை அந்தக் காமிக்ஸ் எனக்குச் சொன்னது.

சிரம்பானில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. 1985இல் ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'ஃபார் த மேன் ஹூ ஹேஸ் எவ்ரிதிங்'. சூப்பர்மேனின் பிறந்தநாள். துருவப் பனியில் இருக்கும் அவன் கோட்டைக்குப் பரிசுகளோடு நண்பர்கள் வருகிறார்கள். அவன் சிலை மாதிரி நிற்கிறான். நெஞ்சில் ஒரு செடி வேர்விட்டுப் பற்றியிருக்கிறது. மொங்குல் என்ற எதிரி அனுப்பியது. பெயர் 'பிளாக் மெர்சி', கறுப்புக் கருணை. யாரைப் பற்றுகிறதோ அவருடைய ஆழமான ஆசையைக் கனவாகக் கொடுக்கும் செடி. சூப்பர்மேனுக்கு அது காட்டுவது, தான் கைக்குழந்தையாக இருந்தபோது வெடித்துச் சிதறிய கிரிப்டான், வெடிக்காமலே இருந்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை. அங்கே அவனுக்கு மனைவி உண்டு, வான் என்றொரு மகன் உண்டு.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அது நம்ம ஊர் தோட்டக் கதை. மூர் நிறுத்தவில்லை. கனவுக்குள்ளேயே அந்தச் சொர்க்கம் கெட்டுப்போகிறது. அழிவு வருமென்று எச்சரித்த அப்பா ஜோர்-எல், அழிவு வராததால் மானம் போய், மனம் கசந்து, ஒரு வெறிபிடித்த கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறார். தெருவில் கலவரம். கடைசியில் மகனை ஒரு பெரும்பள்ளத்துக்கு அழைத்துப்போய், நீ நிஜமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது என்று அந்தக் குழந்தையிடமே சொல்கிறான். அந்தப் பக்கத்தில்தான் உடைந்துபோனேன்.

எனக்கு உடனே அப்பா ஞாபகம். சுவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். இப்போது தாமானில் மலிவு விலை வீடு. இன்றைக்கும் விடியற்காலை நாலு மணிக்கு முழித்துக்கொள்வார். பெரட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. "தோட்டத்துலயே இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். அந்த 'இருந்திருந்தா'வில் நான் இல்லை. சிரம்பானில் படித்த மகனும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. அம்மா குறுக்கே புகுந்து, "என்னத்த தோட்டம்? புள்ளய ஆயாக் கொட்டகையில போட்டுட்டு வாளி தூக்கினது நானு. சம்பளத்தன்னிக்குக் கள்ளுக்கடையில கெடந்தது நீங்க" என்பார். அப்பா பேசமாட்டார்.

அம்மாவின் அந்த ஒரு வரிக்கு நம் தோட்டக் கதைகள் பலவற்றில் இடம் கிடையாது. திருவிழா உண்டு, கூத்து உண்டு, பக்கத்து லயத்திலிருந்து வரும் குழம்புக் கிண்ணம் உண்டு. கடைசிப் பத்தியில் புல்டோசர். படித்தவுடன் தொண்டை அடைக்கும், கூட்டத்தில் கைதட்டல் விழும். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' மாதிரி தோட்டத்தை நேருக்கு நேர் பார்த்த எழுத்தும் நமக்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாம் கொண்டாடுவது அதையா, கறுப்புக் கருணையையா?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இன்னொன்று. அவர்கள் எதிர்த்துப் போராடிய இடத்தை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சொர்க்கம் என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையா?

"அப்போ இழப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். இழப்பு நிஜம். அதனால்தான் கோபமும். கிரிப்டான் வெடித்தது, சூப்பர்மேன் கணக்குக் கேட்க அங்கே ஆளில்லை. தோட்டம் வெடிக்கவில்லை. அது விற்கப்பட்டது. விற்க ஒருவர் இருந்தார், வாங்க ஒருவர் இருந்தார், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணை முறையில் பங்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். விற்பதும் வாங்குவதும் மனிதர்கள் செய்யும் காரியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கதைகளிலோ தோட்டம் காலத்தால் அழிகிறது, விதியால் அழிகிறது. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏக்கம் மட்டும் எழுதினால் கிடைக்கும் சௌகரியம் இதுதான்.

"அமெரிக்கச் சிறுவர் கதையைக் கொண்டுவந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறாயா?" என்பது அடுத்த கேள்வி. 1938இல் சூப்பர்மேனை உலகத்துக்குக் கொண்டுவந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 130 டாலருக்கு அவனுடைய உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆயுசு முழுக்க அதற்காகப் போராடியவர்கள். ஊரை விட்டு வந்தவன், பேரை மாற்றிக்கொண்டவன், காகிதமில்லாதவன் — சூப்பர்மேன் அவர்கள் வீட்டுக் கதை. நம்ம வீட்டுக் கதையும்தான்.

அந்தக் காமிக்ஸில் இன்னொன்று உண்டு. சூப்பர்மேன் கனவில் மகனைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம், வெளியே அவன் நண்பர்கள் மொங்குலிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். செடி அதைக் காட்டாது.

நமக்கு வெளியே யார்? போன மாசம் அப்பாவின் பழைய தோட்டத்துக்குப் போனேன். சுவாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம். பால் மரம் இல்லை, எல்லாம் செம்பனை. லயம் அப்படியே நிற்கிறது. நாங்கள் இருந்த வீட்டு வாசலில் ஒரு பங்களாதேஷ் பையன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். மலாயில் கொஞ்சம் பேசினோம். வந்து மூன்று வருஷம். போனைத் திறந்து அவன் பிள்ளையைக் காட்டினான். இன்னும் தூக்கிக் கொஞ்சியதில்லையாம். 2020இல், கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில், மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தடுத்து வைத்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் நாம் என்ன எழுதிக்கொண்டிருந்தோம்? லயத்து வாசல் கோலத்தைப் பற்றி.

நம் கிரிப்டானில் இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள். நம் கதைகள் அவர்களைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் இருப்பது தெரிந்தால் கனவு கலைந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், "நம்ம வீட்டுல பங்களாக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான்ப்பா." கொய்யா மரம் இருக்கிறதா, கோயிலுக்குச் சாயம் அடித்திருக்கிறார்களா என்று கேட்பார் என நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவனுக்காவது சம்பளம் ஒழுங்கா குடுக்குறானுங்களா?" என்றார்.

செடி பற்றியிருப்பது அப்பாவின் நெஞ்சில் இல்லை. எழுதுகிற நம் நெஞ்சில்தான்.