கொழுந்துக் கணக்கும் கணினிப் பாடமும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பாதையில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஹுன்னஸ்கிரிய. அங்குள்ள பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தில் ‘அரே’ என்னும் அணியையும் ‘லூப்’ என்னும் மீள்செயலையும் விளக்க வெளியூர் உதாரணம் எதற்கு?

கொழுந்து நிறுக்குமிடத்தைப் பாருங்கள். ஒருவர் ஏழு நாளில் பறித்த நிறைகளை வரிசையாக எழுதினால் அது அணி. அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சென்றால் அது மீள்செயல். கணக்கப்பிள்ளை காலங்காலமாகச் செய்த வேலைதான்.

சிக்கல் எண்ணிடுவதில் வருகிறது. பாஸ்கல் மொழியில் அணியின் தொடக்க எண்ணை நாமே தீர்மானிக்கலாம். உயர்தர மாணவர் பயிலும் பைத்தனிலோ அது 0. ஆகவே ஏழாம் நாளின் எண் 6. 7ஐக் கேட்டால் கணினி பிழை காட்டி நின்றுவிடும். பழக்கதோஷத்தில் 1 முதல் 6 வரை கூட்டினாலோ எந்தப் பிழையும் காட்டாது; முதல் நாள் கொழுந்து மட்டும் சத்தமின்றி விடுபட்டுப் போகும். தோட்டத்தில் அது ஒரு தாயின் கூலி.

நிரலை மனப்பாடம் செய்து விடைத்தாளில் ஒப்புவிப்பவருக்கு இது புலப்படாது. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுத்தொகை என்னவாகிறது என்பதை முதலில் தாளில் எழுத வேண்டும்; பின்னர் கணினியில் இயக்கி ஒப்பிட வேண்டும். முன்னதற்குப் பென்சில் போதும். பின்னதற்குப் போதாது.

பாடசாலைக்குக் கணினி வழங்கிய படத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு பிள்ளையின் விரல் வாரத்தில் எத்தனை மணிநேரம் அந்த விசைப்பலகையைத் தொடுகிறது?