கேசட் கடைக்குள் நான் போனதில்லை

சென்னையின் பழைய பாட்டுக் கடைகளைப் பற்றி வருஷத்துக்கு நாலு கட்டுரையாவது வந்துவிடுகிறது. எழுதுகிறவர் ஆண். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மூர் மார்க்கெட்டில் தூசி தட்டி எடுத்த இசைத்தட்டு, 1985 மே மாதம் அந்தக் கட்டடம் எரிந்தபோது வந்த அழுகை, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய டேப் ரெக்கார்டர், தெருமுனை ரெக்கார்டிங் சென்டர், வாசலில் சைக்கிள்கள், ஒரு டீயை மூன்று பேர் குடித்தது, ராஜாவா ரகுமானா என்ற சண்டை. கடைசியில் ஒரு பெருமூச்சு. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

இவற்றில் கையில் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு பெண் வருவாள். தாவணியோ, பள்ளிச் சீருடையோ, இரட்டைச் சடையோ, அது எழுதுகிறவரின் ரசனையைப் பொறுத்தது. கடை ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும்போது அவள் அந்தப் பக்கமாகக் கடந்து போவாள். கடைக்குள் மட்டும் வரவே மாட்டாள். அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்ததா, அவள் ஏன் அவ்வளவு வேகமாக நடந்தாள் என்று எழுதுகிறவர் ஒரு வரி யோசித்ததில்லை.

நான்தான் அந்தப் பெண். நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்குப் படிக்கப் போன பெண். ஏன் வேகமாக நடந்தேன் என்று சொல்கிறேன்.

பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தக் கடை இருந்தது. ஒரு ஷட்டர் அகலம்தான். உள்ளே சுவர் முழுக்க இசைத்தட்டு அட்டைகளும் கேசட்டுகளும். நடுவில் டபுள் டெக். வாசலில் ரோட்டைப் பார்த்து இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். முன்னால் ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சில் காலை எட்டரை மணிக்கும் சாயங்காலம் நாலரை மணிக்கும் ஆறேழு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு வேளை எதற்கென்று சொல்லத் தேவையில்லை. யார் வருகிறாள் என்று பார்த்துப் பாட்டை மாற்றுவார்கள். கறுத்த பெண்ணுக்கு ஒரு பாட்டு, குண்டான பெண்ணுக்கு ஒரு பாட்டு, எங்கள் கணக்கு டீச்சருக்குத் தனியாக ஒன்று. எனக்கும் ஒரு பாட்டு இருந்தது. எது என்று சொல்ல மாட்டேன். நல்ல பாட்டு அது. இன்றைக்கும் அதை முழுதாக என்னால் கேட்க முடிவதில்லை, முதல் வயலினிலேயே நடையை எட்டிப் போடச் சொல்கிறது கால்.

எதிர்ப்புறம் நடந்தால் லாரி ஷெட்டுகள். இந்தப் புறம் நடந்தால் பெஞ்சு. நாங்கள் லாரிப் பக்கமே போனோம். பெங்களூரு சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போவது பெஞ்சுக்கு முன்னால் நடப்பதைவிடச் சுலபமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டுப் பிடிக்காமல் இல்லை. பைத்தியமாக இருந்தோம். வீட்டில் அப்பா வாங்கி வைத்திருந்த ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர் இருந்தது. அம்மாவுக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு கேசட் இரண்டு. மற்றபடி வேண்டும் பாட்டெல்லாம் பதிந்துதான் வாங்க வேண்டும். அந்த வேலை எப்படி நடக்கும் என்று இன்றைய மாணவிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலி கேசட் வாங்க வேண்டும். டிடிகே என்றால் பணக்காரர், மெல்ட்ராக் என்றால் நம்மைப் போன்றவர். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு, சிறிய பாட்டாக இருந்தால் ஏழு. நோட்டுத்தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து, உள்ளே இருக்கும் அட்டையில் அழகான கையெழுத்தில் பட்டியல் எழுதித் தருவார். பாட்டுக்கு இவ்வளவு என்று காசு. ஒரு வாரம் ஆகும், கல்யாண சீசன் என்றால் இன்னும் ஆகும். அந்தப் பட்டியல் ஒருவருடைய மனசு மாதிரி. எதற்குப் பிறகு எது வர வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து எழுதியிருக்கிறேன்.

எழுதியது நான். கொண்டுபோனது தம்பி. அவனுக்கு அப்போது பதினொரு வயது. என்னைவிட ஐந்து வயது சின்னவன், ஆனாலும் ஆம்பளைப் பிள்ளை, கடைக்குப் போகலாம். வழியிலேயே என் பட்டியலில் மூன்று பாட்டை அடித்துவிட்டு அவனுக்குப் பிடித்த மூன்றை எழுதிவிடுவான். கேட்டால், "அது இல்லன்னுட்டாருக்கா அந்த அண்ணன்" என்பான். இல்லையென்று எனக்கு எப்படித் தெரியும்? நான் போய்ப் பார்க்க முடியாதே.

1994இல், நான் பிளஸ் டூ படித்தபோது, அப்படி வந்த ஒரு கேசட்டின் அட்டைக்குப் பின்னால் மடித்த கடிதம் ஒன்று இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்த எவனோ வைத்தது. நான் பார்ப்பதற்குள் அப்பா பார்த்துவிட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கடைக்குப் போய் யாரையும் கேட்கவில்லை, பெஞ்சில் யாரையும் விசாரிக்கவில்லை. என்னைத்தான் விசாரித்தார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று முடிவானது. அம்மா மூன்று நாள் அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்ததால் மட்டுமே அந்த முடிவு மாறியது. டேப் ரெக்கார்டர் பரண் ஏறியது. என்னோடு படித்த ஒருத்திக்கு இதே மாதிரி நடந்தது. அவள் அம்மா அப்படி உட்காரவில்லை. பரீட்சைக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

கடிதம் வைத்தவன் இன்று எங்கேயாவது உட்கார்ந்து அந்தக் கடையைப் பற்றி உருகி எழுதிக்கொண்டிருக்கலாம். அவன் கட்டுரையில் அது 'சொல்லாத காதல்' என்று வரும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது அறியாத வயது, அந்தக் காலத்துச் சின்னச் சின்னக் குறும்பு, இதையெல்லாம் இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? அன்றைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். 1998 ஜூலையில், எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, பட்டப்பகலில், ஆட்டோவில் வந்த இளைஞர் கும்பலின் 'குறும்பில்' கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தின் பெயரிலேயே குற்றத்தைக் 'கிண்டல்' என்று கூப்பிட்டோம் என்பது இருக்கட்டும். தொண்ணூறுகளின் சென்னை இளமை என்று பாடுகிறவர்கள் இந்த மரணத்தை ஏன் ஓரிடத்திலும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை? அதே நகரம், அதே வருஷங்கள், பெஞ்சில் உட்கார்ந்த அதே வயது.

அந்தக் கடைச் சுவரில் மாட்டியிருந்த குரல்கள் யாருடையவை என்ற கேள்வியும் எனக்கு உண்டு. இந்தியாவில் இசைத்தட்டு வியாபாரம் காலூன்றியதே பெண்களின் தொண்டையில்தான். 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்த கௌஹர் ஜான், தட்டு முடியும்போது தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக. நம் பக்கத்தில் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி என்று தேவதாசி மரபில் வந்த பெண்கள் பாடினார்கள். ஒலிப்பெட்டியின் முன் உட்காருவது வித்வான்கள் பலருக்குத் தயக்கமாக இருந்த காலம் அது. பிறகு கே.பி. சுந்தராம்பாள். அண்ணா சாலையில் ஏவி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் இசைத்தட்டுகளை விற்றுத்தான் வளர்ந்தது. அந்தப் பணத்தின் நீட்சிதான் பிற்பாடு வந்த ஸ்டுடியோ. இந்தப் பெண்களின் குரலை மரியாதைப்பட்ட வீடுகள் கூடத்தில் வைத்துக் கேட்டன. அந்தப் பெண்களையோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையோ திண்ணையில் ஏற்றவில்லை. குரல் உள்ளே வரலாம், ஆள் வரக்கூடாது.

எங்கள் பூந்தமல்லிக் கடையிலும் அதே ஏற்பாடுதான். ஆடி மாதம் முழுக்க ஈஸ்வரியின் குரல் கூம்பு ஒலிபெருக்கியில் நாலு ஊருக்குக் கேட்கும். ஜானகி, சித்ரா, சொர்ணலதா என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு பெண் ரோட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பாள். உள்ளே ஒரு பெண்கூடக் கிடையாது.

அண்ணா சாலைப் பக்கம் குளிர்சாதனக் கடைகள் வந்த பிறகு நிலைமை மாறியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். லேண்ட்மார்க், ஸ்பென்சர் பிளாசாவின் மியூசிக் வேர்ல்ட் போன்ற இடங்களில் பெண்கள் நின்று ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டார்கள், யாரும் விரட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 54இல் ஏறி நானும் ஒரு முறை போனேன். ஒரு மணி நேரம் கேட்டேன். எதுவும் வாங்காமல் வந்தேன். காவலாளி பையைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. ஆங்கிலம் பேசும் பெண்களுக்குத் திறந்த கதவு அது, நசரத்பேட்டைக்குத் திறந்தது என்று சொல்ல மாட்டேன்.

எங்களுக்குத் திறந்த கதவு வேறு. அதைத்தான் இந்த ஏக்கக் கட்டுரையாளர்கள் வில்லனாக்குகிறார்கள்: செல்போன். செல்போன் வந்தது, பாட்டுக் கடை செத்தது, பண்பாடு போயிற்று என்கிறார்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். எங்கள் நெடுஞ்சாலையில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் கம்பெனிப் பேருந்துகள் ஓடின. ஜன்னலோரம் பெண்கள், காதில் இயர்போன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடையில் இருபது ரூபாய் கொடுத்தால் நூறு பாட்டு. பட்டியலைத் தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒருத்தியிடம் இருந்தால் புளூடூத்தில் பேருந்து முழுக்கப் பரவிவிடும். பாட்டை யார் மாற்றுகிறார்கள் என்று தெருவைப் பார்த்து நடக்க வேண்டாம். தான் கேட்பது என்ன என்று பக்கத்து இருக்கைக்குக்கூடத் தெரியாமல் ஒரு பெண் பாட்டுக் கேட்டதை இந்தச் சாலையில் நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் பேருந்துகளில்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதைப் பொற்காலம் என்று நான் பாடப்போவதில்லை. போனைப் பிடுங்கி நம்பர்களைப் பார்க்கும் அப்பாக்களும் அண்ணன்களும் புருஷன்களும் உடனே முளைத்துவிட்டார்கள். அந்த ஆலையில் 2010இல் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2014 நவம்பரில் ஆலையே மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கையில் ஒரு தொகையோடு ஊருக்குத் திரும்பினார்கள், பலருக்கு அந்தத் தொகை கல்யாணச் செலவாகப் போயிற்று. 2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் கெட்டுப்போன சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போக, ஆயிரக்கணக்கில் திரண்டு இதே பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான். நகரத்தின் இளைஞர் பண்பாடு என்று யாராவது இன்னொரு கட்டுரை எழுதத் துடித்தால், அந்த இரவு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் காதில் என்ன பாட்டு ஓடியது என்று போய்க் கேட்டு எழுதட்டும். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து நான்கு பேரைச் சீண்டவில்லை, நடுரோட்டில் உட்கார்ந்து சோறு கேட்டார்கள். நினைவில் வைக்கத் தகுந்த இளமை அது.

என் தோழி ஒருத்தி இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டு, "எல்லாத்தையும் திட்டிட்ட. உனக்குன்னு ஒண்ணுமே இல்லயாடி அங்க?" என்று கேட்டாள். இருக்கிறது. அந்தக் கடைக்காரரின் அறிவு இருக்கிறது. எந்தப் படத்தில் எந்தப் பாட்டுக்கு இரண்டு வடிவம் உண்டு, இசைத்தட்டில் இருந்து படத்தில் இல்லாதது எது என்று அவருக்கு அத்துப்படி என்று தம்பி சொல்லுவான். அவரிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் நான் எவ்வளவோ கற்றிருப்பேன். கடை மூடி இருபது வருஷம் ஆகிறது. இப்போது அங்கே மருந்துக் கடை. நான் இழந்தது ஒரு முறைகூடப் பேசாத பேச்சு. அவர்கள் இழந்ததாகச் சொல்வதும் இதுவும் ஒன்றில்லை, இரண்டையும் ஒரே பெருமூச்சில் விட நான் தயாராக இல்லை.

போன மாதம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அட்டைப்பெட்டியில் பதினொரு கேசட் கிடைத்தன. நாடா பூஞ்சை பிடித்திருந்தது. அட்டைகளில் அவருடைய அழகான கையெழுத்து. கூடவே என் நோட்டுத்தாள் ஒன்றும் இருந்தது, ரெனால்ட்ஸ் பேனாவில் நான் எழுதிய பன்னிரண்டு பாட்டு, தம்பி அடித்த மூன்று. அதற்கும் கீழே, கடைக்காரரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "7, 9, 11 இருக்கிறது. வேண்டுமா என்று அக்காவைக் கேட்டு வரவும்."

தம்பி அதை என்னிடம் சொன்னதே இல்லை.