ஒரு குடம் தண்ணீருக்குப் பத்துக் குதிரைத்திறனா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

'யானைப் பசிக்குச் சோளப்பொரியா?' என்று கேட்பது நம்மவர் வழக்கம். பூனைப் பசிக்குக் களஞ்சியத்தையே திறந்து வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அதை மட்டும் யாரும் பழமொழியாக்கிக் கேலி செய்வதில்லை. கணிப்பொறி வாங்கப் புறப்படும் நம் மாணவர்களிடம் இந்த இரண்டாவது வழக்கம் மிகுந்து காணப்படுகிறது. 'எத்தனை கோர்? எத்தனை கிகாஹெர்ட்ஸ்?' என்று கேட்கிறோமே ஒழிய, 'என்ன வேலைக்கு?' என்று கேட்பதில்லை. வீட்டில் படம் பார்ப்பதற்கென்று ஒரு கணிப்பொறி அமைக்க விரும்புவோர் விலை குறைந்த, மின்சாரம் குறைவாக உண்ணும் சிறிய நுண்செயலியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுத் திரையரங்கக் கணிப்பொறி என்பது பெரிய வித்தையன்று. தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு கணிப்பொறியை வைத்து, நம்மிடம் உள்ள படங்கள், பாடல்கள், குடும்ப வீடியோக்கள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து காண்பதுதான் அது. 'கோடி' போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் காட்டுவதற்காக 2002-ஆம் ஆண்டு பிறந்த மென்பொருளே பின்னர் எக்ஸ்.பி.எம்.சி. என்று வளர்ந்து, 2014-இல் 'கோடி' என்று பெயர் மாறியது.

இனி என் கதைக்கு வருகிறேன். அக்காளின் திருமணம் முடிந்து, வீடியோக்காரர் ஒரு பென் டிரைவைக் கொடுத்துச் சென்றார். அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க ஒரு கணிப்பொறி வேண்டும் என்றேன். கடலை விற்ற பணத்தில் அப்பா நான்காயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அலுவலகம் ஒன்றில் கழித்துக் கட்டிய பழைய கணிப்பொறியை வாங்கி வந்தேன். 2013-ஆம் ஆண்டுக் காலத்து நுண்செயலி; நான்கு கோர்; 84 வாட். 'இவ்வளவு வலுவான இயந்திரம் இந்த விலைக்கா!' என்று விடுதி நண்பர்களிடம் பெருமையடித்துக் கொண்டதும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை மாலை சித்தப்பா, அத்தை, அக்கம்பக்கத்தார் என்று பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். வீடியோ ஓடத் தொடங்கியது. ஓடியது என்றா சொன்னேன்? நொண்டியது. தாலி கட்டும் கை பாதியில் நின்றது. கெட்டிமேளம் மட்டும் முன்னால் போய்விட்டது. உள்ளே மின்விசிறி கிரைண்டர் போலக் கத்தியது. அத்தை சிரித்தார், அக்காள் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். எல்லோரும் கலைந்த பின் அப்பா கேட்டார்: "ஒரு குடம் தண்ணிக்குப் பத்து எச்.பி. மோட்டார் போட்டா மட்டும் போதுமாடா? குழாய் பொருந்த வேண்டாமா?"

பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தை கேட்ட அந்தக் கேள்வியில்தான் இந்தக் கட்டுரையின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது.

நான்கு-கே எனப்படும் படத்தின் ஒரு சட்டத்தில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 புள்ளிகள். பெருக்கினால் 82,94,400. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் ஏறத்தாழ 20 கோடிப் புள்ளிகள். இவற்றை அப்படியே சேமிக்க இடம் போதாது. எனவே சுருக்கி எழுதுகிறார்கள். அவ்வாறு சுருக்கும் முறைகளில் எச்.264 என்பது 2003-ஆம் ஆண்டினது, எச்.இ.வி.சி. 2013-ஆம் ஆண்டினது, ஏ.வி.1 என்பது 2018-ஆம் ஆண்டினது. புதிய முறைகளில் கோப்பு சிறிதாகும். ஆனால் விரிக்கும் கணக்கு கடினமாகும்.

இந்த விரிக்கும் வேலையை இருவழிகளில் செய்யலாம். நுண்செயலியின் பொதுவான கோர்கள் மென்பொருளின் ஆணைப்படி கணக்கிட்டு விரிப்பது ஒரு வழி. அதற்கென்றே சில்லில் செதுக்கப்பட்ட தனிச் சுற்று விரிப்பது மற்றொரு வழி. முன்னது கத்தியால் தேங்காய் துருவுவது போன்றது, பின்னது துருவுமணை. என் பழைய இயந்திரத்தில் எச்.264-க்குத் துருவுமணை இருந்தது. திருமண வீடியோவோ எச்.இ.வி.சி.யில், அதுவும் பத்து பிட் நிறத்தில் இருந்தது. அதற்குத் துருவுமணை இல்லாததால் நான்கு கோர்களும் கத்தியைத் தூக்கிக்கொண்டு திணறின. வலிமை இருந்தது, பொருத்தம் இல்லை.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த புது அனுபவமன்று. 2008-இல் இண்டெல் நிறுவனம் 'ஆட்டம்' என்னும் சிறு நுண்செயலியை வெளியிட்டது. ஆட்டம் 230 என்பதன் வெப்ப அளவு 4 வாட்தான். ஆனால் அதனுடன் பலகையில் அமர்ந்த துணைச் சில்லின் அளவு 22 வாட்! நுண்செயலிக்கு விசிறி இல்லை, துணைச் சில்லுக்கு விசிறி என்னும் வேடிக்கையை அந்தப் பலகையில் காணலாம். அத்துடன், உயர்தெளிவுப் படத்தை அதனால் தனியே விரிக்க இயலவில்லை. 2009-இல் என்விடியா நிறுவனத்தின் 'அயான்' சில்லை அதே ஆட்டத்துடன் சேர்த்தபோது படம் தடையின்றி ஓடியது. பெரிதாக மாறியது கோர் அன்று. விரிக்கும் சுற்று வந்து சேர்ந்தது. 2011-இல் ஏ.எம்.டி. நிறுவனம் ஈ-350 என்ற 18 வாட் சில்லில் அவ்விரண்டையும் ஒன்றாகவே வைத்துத் தந்தது.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த இண்டெல் என்100 இந்தப் பரம்பரையின் நல்ல பிள்ளை. நான்கு சிறு கோர்கள், 6 வாட். எச்.264, எச்.இ.வி.சி., வி.பி.9, ஏ.வி.1 ஆகிய நான்கையும் விரிக்கும் சுற்றுகள் அதனுள் உள்ளன. அப்பா கேட்ட கேள்விக்குப் பின், பழையதை விற்று, விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தையும் போட்டு நான் வாங்கியது இதுவே. கடைக்காரர் காட்டிய பெரிய இயந்திரத்தின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

சிறியது எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிவிடவும் கூடாது. 2023-இன் இறுதியில் வந்த ராஸ்பெரி பை 5 எச்.இ.வி.சி.க்குத் தனிச் சுற்று வைத்திருக்கிறது, எச்.264-க்கு வைக்கவில்லை. ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது கிகாஹெர்ட்ஸை அன்று. விரிக்கும் முறைகளின் பட்டியலை.

இனி மின்சாரம். நாம் வகுப்பில் படித்ததுதான்: மின்சுற்றுகள் மாறி மாறி இயங்கும்போது செலவாகும் திறன், மின்தேக்குத் திறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் ஆகியவற்றின் பெருக்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் இருபது சதவீதம் உயர்த்தினால் செலவு ஏறத்தாழ 73 சதவீதம் உயரும். வேகத்தின் கடைசிப் படிகள் எவ்வளவு விலை உயர்ந்தவை என்பது இதனால் விளங்கும். இண்டெல்லின் ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை உண்ண அனுமதிக்கப்பட்டது. படம் பார்க்க அது எதற்கு?

செருகியில் பொருத்தும் அளவுமானியை இரவல் வாங்கி இரண்டு இயந்திரங்களையும் அளந்தேன். படம் ஓடும்போது பழையது 85 வாட், புதியது 12 வாட். சும்மா இருக்கும்போது பழையது 35, புதியது 7. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் படம், மீதி நேரம் சும்மா என்று கணக்கிட்டால், அறுபது நாளில் பழையதற்கு 68 யூனிட். புதியதற்கு 12 யூனிட். வித்தியாசம் 56 யூனிட். ஒரு 75 வாட் மின்விசிறி இரண்டு மாதமும் தினம் பன்னிரண்டு மணி நேரம் சுற்றுவதற்கு அது போதும். மின்கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். யூனிட் கணக்கு மாறாது. நான்காயிரத்துக்கு வாங்கியது மலிவு என்று நினைத்தேன். அதன் மீதி விலையை மின்கட்டணமாகச் செலுத்திக் கொண்டிருந்திருப்பேன்.

'பின்னாளில் விளையாட்டு, வீடியோ தொகுப்பு என்று வேறு வேலை வந்தால்?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை அதுவானால் பெரியதையே வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வராத விருந்தாளிக்காக நித்தமும் இலை போட வேண்டாம். பழைய இயந்திரமே போதுமானவர்களும் உண்டு: உங்களிடம் இருப்பவை எல்லாம் எச்.264 படங்களானால், அதைக் குப்பையில் போடாதீர்கள்; பார்த்து முடித்ததும் அணைத்து வையுங்கள். கட்டணத் திரைத்தளங்களை மட்டுமே பார்ப்பவருக்குக் கணிப்பொறியே வேண்டாம். லினக்ஸ் கணிப்பொறியில் அத்தளங்களில் சில, உரிமைப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தெளிவைக் குறைத்தே தருகின்றன. தொலைக்காட்சியில் செருகும் சிறு கருவி அவர்களுக்குப் போதும்.

நண்பர்களே! வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருப்பவர்கள் நம்மில் பலர். பட்டணத்துப் பொருள் எதை வாங்குவதென்றாலும் நம் வீட்டில் நம்மைத்தான் கேட்கிறார்கள். நாம் சொல்வதை நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் மரியாதை, பெரிய எண்ணைக் காட்டி வியக்க வைப்பதன்று. வேலையை அளந்து, அதற்கேற்ற பொருளைச் சொல்வதே. படித்த படிப்பு அதற்காவது பயன்பட வேண்டாமா?

பொங்கல் விடுமுறையில் திருமண வீடியோவை மீண்டும் போட்டேன். இம்முறை தாலி கட்டும் கை நிற்கவில்லை. அக்காள் கடைசி வரை இருந்து பார்த்தாள். "இது எத்தனை எச்.பி.?" என்றார் அப்பா. "ஆறு வாட்டுப்பா" என்றேன். ராத்திரி விளக்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று சொன்னபோது, அவர் எழுந்து வந்து அந்தச் சிறு பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடில்லை.