சர்வே வருவது நின்றால் தப்பு உங்களுடையதா?



போன வாரம், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஆன்லைன் சர்வேக்குப் பதில் சொன்னால் காசு தருகிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். "முதல் மாசம் தினமும் நாலஞ்சு வந்துச்சு டீச்சர். இப்ப வாரத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிசு. நான் ஏதாவது தப்பாப் போட்டுட்டேனா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அதில் ஒருவரையும் விடக்கூடாது. சர்வே அப்படி அல்ல. பைக் வைத்திருக்கும் இளைஞர்கள் இத்தனை பேர், நகரத்து இல்லத்தரசிகள் இத்தனை பேர் என்று முன்பே கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த எண்ணிக்கை நிறைந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த மாதம் சோப்பு பற்றிப் பதில் சொன்னவரை, அடுத்த சோப்பு சர்வேக்குச் சில மாதம் கூப்பிடாமல் விடுவதும் உண்டு. சேர்ந்த புதிதில் வருபவற்றில் பல, நம்மைப் பற்றிய விவரம் வாங்கத்தான்.

நம் பக்கத் தப்பும் உண்டு, மறைக்கமாட்டேன். பதினைந்து நிமிடக் கேள்வித்தாளை இரண்டு நிமிடத்தில், ஒரே வரிசையில் தட்டி முடித்தால் கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுவார்கள். காப்பி அடித்த பையனிடம்கூட நான் காரணம் சொல்லித்தான் தண்டித்தேன். இவர்கள் சொல்வதே இல்லை.

அதைவிட மோசம் இன்னொன்று. வயது, வருமானம், வீட்டில் என்ன ஃப்ரிட்ஜ் என்று பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "நீங்கள் தகுதியானவர் அல்ல" என்று ஒரு வரி. காசு கிடையாது. நானும் ஒருமுறை பட்டேன். அந்தப் பத்து நிமிடம் உழைப்பு இல்லையா? முதல் மூன்று கேள்வியிலேயே வடிகட்டத் தெரியாதா? (தகுதி இல்லை என்ற வார்த்தையை ஒரு குழந்தையிடமும் நான் சொன்னதில்லை.) 500 ரூபாய் சேர்ந்தால்தான் எடுக்கமுடியுமாம். அவள் கணக்கு 410-ல் நிற்கிறது. சின்னக் காசுதானே டீச்சர் என்று யாரும் கமெண்ட் போடவேண்டாம். அவளுக்கு அது பிள்ளைகளின் நோட்டுக் காசு.

இதற்குள் டெலிகிராமில் ஒருவன், 999 ரூபாய் கட்டினால் தினமும் சர்வே வரும் என்கிறானாம். கட்டாதே அம்மா என்றேன். நிஜமான சர்வேக்காரன் நமக்குத்தான் காசு தருவான், நம்மிடம் கேட்கமாட்டான். உங்களில் யாராவது ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால், வெட்கப்படாமல் இன்றே 1930-க்குப் போன் செய்யுங்கள்.