டேங்க் புதுசு, வண்டி பழசாம்!

அப்பாவோட புல்லட்டை போன வருஷம் ஒரு மெக்கானிக்கிட்ட விட்டேன். "புத்தம் புதுசா ஆக்கித் தர்றேன் சார்"னார். ஆக்கியும் தந்துட்டார், பாவம். டேங்க் புதுசு, மட்கார்டு புதுசு, ஹேண்டில்பார் கூட புதுசு. அப்பா ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "நல்லாத்தாம்ப்பா இருக்கு, யாரோட வண்டி?"ன்னு கேட்டார். பழைய டேங்க் காயலான் கடைக்குப் போயிடுச்சாம். 1982-ல என்னை முன்னாடி உக்கார வச்சு ஓட்டினப்ப என் ஸ்கூல் பெல்ட் பக்கிள் போட்ட கீறல் அதுலதான் இருந்துச்சு :-(

சரி, வீட்டு வண்டி, நம்ம தலையெழுத்து. இதையே ஒரு ம்யூசியத்துக்காக செஞ்சா?

இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல தேசிய மோட்டார்சைக்கிள் ம்யூசியம்னு ஒண்ணு இருக்கு. 1984-ல திறந்தது. உள்ள இருக்கிறதெல்லாம் பிரிட்டிஷ் வண்டிங்க. 2003 செப்டம்பர்ல, சரியா அணைக்காத ஒரு சிகரெட்டால தீப்பிடிச்சு சுமார் 380 வண்டி கருகிப் போச்சு. மனுஷங்க அசரலை. 2004 டிசம்பர்லயே திரும்பத் திறந்துட்டாங்க, எரிஞ்ச வண்டிகளை ஒண்ணொண்ணா சரிபண்ணி. அந்த உழைப்புக்கு ஒரு சல்யூட்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அலுமினியம் 660 டிகிரியிலயே உருகிடும். எஞ்சின் நம்பர் அடிச்சிருக்கிறதே அலுமினிய கேஸ் மேலதான். அது கட்டியாப் போயிட்டா, புதுசா ஒண்ணு வார்த்து பழைய நம்பரையே அடிக்கலாம். (அங்க அப்படிச் செஞ்சாங்கன்னு சொல்ல வரலை, பொதுவா கேக்கறேன்.) அது அதே வண்டியா?

நம்பர்தானே சாட்சிம்பீங்க. வின்சென்ட் வண்டியில முன் சட்டத்துல, பின் சட்டத்துல, எஞ்சின்லன்னு மூணு இடத்துல நம்பர் இருக்கும். போருக்கு அப்புறம் வந்த ரெட்டை சிலிண்டர் வண்டின்னா எஞ்சின் நம்பரோட 1900-ஐக் கூட்டினா சட்டத்தோட நம்பர் வரணும். அழகான கணக்கு! ஆனா கூட்டல் திருடனுக்கும் தெரியுமே. பஞ்ச் செட் எந்த ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்குது.

ஆளோட கையெழுத்தை நம்பலாமா? 'ஈஸி ரைடர்' படத்துல வந்த ஹார்லி 2014-ல ஏலத்துக்கு வந்தப்ப, நாந்தான் அசல்னு இன்னொரு வண்டியும் இருந்துச்சு. ரெண்டுக்கும் அசல்னு சான்று குடுத்தவர் ஒரே ஆள். என்னத்த சொல்ல!

ம்யூசியத்துல கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கிற நமக்கு டேங்க் பளபளப்பு தவிர வேற ஒண்ணும் தெரியாது. திறந்து வேலை பார்த்தவன் சொல்றதுதான் சரித்திரம். அதனால அவன் சொல்லியாகணும்ங்கறது என் கட்சி. எது புதுசு, எது பழசு, எதை எங்கேருந்து எடுத்து மாட்டினோம்னு வண்டி பக்கத்துலயே எழுதி வைக்கணும். உருகின கேஸையும் கீழயே வைக்கணும். மாத்தின பார்ட்ஸ்ல அடையாளம் இருக்கணும்னு பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபிவாவோட டூரின் சாசனமே சொல்லுது. "ஜனங்க பளபளப்பைப் பார்க்கத்தான் வர்றாங்க"ன்னு சிலர் சொல்வாங்க. அதுக்கு ஷோரூம் போகலாமே, டிக்கெட்டும் கிடையாது.

உங்க வீட்டுல பழைய வண்டி இருந்தா, மெக்கானிக்கிட்ட விடறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்க. கழட்டுறது எதையும் காயலான் கடைக்குப் போடக்கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதியே குடுத்துடுங்க. நான் குடுக்கலை.