ஆபரேஷனுக்கு லேடி டாக்டரா?

பிரசவத்துக்கு லேடி டாக்டர், ஆபரேஷனுக்கு 'பெரிய டாக்டர்'. வேலூர், ஆம்பூர் பக்கம் இது எழுதப்படாத சட்டம். பெரிய டாக்டர் என்றதும் மனசில் வருவது மீசை வைத்த ஒருவர்தான்!

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு லட்சம் நோயாளிகளுக்கு மேல் ஒப்பிட்டு 2017ல் ஓர் ஆய்வு வந்தது. ஆபரேஷன் முடிந்து 30 நாளுக்குள் இறந்தவர்கள், மறுபடி அட்மிட் ஆனவர்கள், சிக்கல் வந்தவர்கள் எல்லாம் சேர்த்து, பெண் சர்ஜன்களிடம் 11.1 சதவீதம், ஆண்களிடம் 11.6. அரை சதவீதம்தான். இதை வைத்துக்கொண்டு பெண்களே கெட்டிக்காரர்கள் என்று கொடி பிடிப்பது அபத்தம். ஆனால் பெண் சர்ஜன் என்றால் பயப்படுவது அதைவிட அபத்தம் இல்லையா?

இன்னொரு சங்கதி. அதே ஆய்வில், அவசர ஆபரேஷன்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அவசரத்தில் யாரும் டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அப்படியானால் வித்தியாசம் கத்தியில் இல்லை. யார் யாரிடம் போகிறார்கள், போனவர்களைப் பேச விடுகிறார்களா என்பதில் இருக்கலாம்.

வேலூருக்கு இது புதுசா என்ன? 1890களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், மனைவியின் பிரசவத்துக்கு ஆண் டாக்டர் வேண்டாம் என்று ஐடா ஸ்கடரின் அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்காகவே படித்து, 1900ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஐடா தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. டாக்டரின் திறமை அங்கே கேள்வியே இல்லை. வாசலைத் தாண்ட விடவில்லை, அவ்வளவுதான்.

அதே சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் 1954ல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பெண் கைக்குத் தெம்பு போதாது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்கள்தான் அதிகம். மார்பில் கட்டி, மூலம், கர்ப்பப்பை இறக்கம் எல்லாம் ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடும் வியாதிகள். தள்ளிப்போட்ட மாதங்கள் எந்த ஆய்வின் 30 நாளிலும் வராது. ஆகவே பெண்ணைத் தூக்கிப்பிடிக்க வேண்டாம். ஆனால் கட்டியைப் பார்க்கும் சர்ஜரி ஓ.பி.யிலும் ஒரு லேடி சர்ஜன் இருக்கட்டும். எம்.பி.பி.எஸ். வகுப்பில் பாதிப்பேர் பெண்களாக இருந்தும், மேற்படிப்பு என்றதும் "உனக்குக் கைனகாலஜிதான் சரி" என்று அனுப்பிவிடுகிறார்களே, முதலில் அதை நிறுத்த வேண்டும்.