கஞ்சிலும் செம்மண் புழுதியும்

ஈப்போவிலிருந்து தோட்டப்புறப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளை ஏற்றிவரும் பெற்றோரே! இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்மண் சாலைகள் இன்னும் பல இடங்களில் கிடக்கின்றன. கையேட்டின் வழக்கமான கெடு தார்ச்சாலைக்கே உரியது. புழுதியில் காற்று வடிகட்டியை முன்னதாகவே மாற்ற வேண்டும்.

2009இல் உற்பத்தி நின்ற பெரோடுவா கஞ்சில் இன்றும் நம்மிடையே ஓடுகிறது. வடிகட்டியைப் பார்க்கப் பட்டறை எதற்கு? மூடியைக் கழற்றினால் போதும். காகித வடிகட்டியை நீரில் கழுவலாகாது. அடைத்துக்கொண்டால் பழைய கார்புரேட்டர் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். புதிய வண்டியில் இழுவை குன்றும். கிழிசல் இதனினும் கொடிது: உட்புகும் மணல் சிலிண்டரைத் தேய்த்துவிடும். வடிகட்டியே இல்லாமல் ஓட்டுவோரும் உளர்; என்ன துணிச்சலோ! வண்டி படுத்தால் பிள்ளைகளின் பள்ளிநாளும் அல்லவா போகிறது? இவ்விடுமுறையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.